யாரும் பார்க்கவில்லை, அதுதான் அத்தாட்சி

உலகத்தில் யாருக்கும் தெரியாதது தமக்கு மட்டும் தெரியும் என்று நம்பும் ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. அடையாளம் காண்பது சுலபம். பேச்சைத் தொடங்குமுன் இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்ப்பார். பெஞ்சில் அரை அடி நகர்ந்து உங்களை ஒட்டி உட்காருவார். "உங்களோட இருக்கட்டும்" என்பார். உங்களோடு இருக்க வேண்டிய அந்த விஷயத்தை, நீங்கள் வீடு போய்ச் சேருமுன் பாலக்கரை வரைக்கும் சொல்லி முடித்திருப்பார்.

தென்னூர் தைரியராஜ் அந்த இனத்தில் முதல் தரம். லாரி ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. ருஷ்யாக்காரன் வானத்துக்கு நாயை அனுப்பினானே, அதுவரை அவருடைய ரகசியங்களெல்லாம் பூமியில்தான் இருந்தன: எந்த மந்திரிக்கு என்ன வியாதி, சர்க்கரை விலை எப்போது ஏறும், இப்படி. நாய் மேலே போனதும் அவரும் போய்விட்டார். அந்த வருஷம் வைகுண்ட ஏகாதசியன்று விடியற்காலையில், கொள்ளிடத்து மணலில் ஒரு பறக்கும் தட்டு இறங்கி அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போனது என்று ரசூல் பாயின் டீக்கடையில் அறிவித்தார்.

"யாராச்சும் பாத்தாங்களா சார்?" என்று கேட்டார் ரசூல்.

"பாக்கலை பாய். அதானே அத்தாட்சி! பாக்க முடிஞ்சா அப்புறம் என்ன ரகசியம்?"

"அன்னிக்கு ஸ்ரீரங்கத்துல லட்சம் ஜனம் இருந்துச்சே?"

"அத்தனை பேரும் சொர்க்கவாசலைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. மேல எவன் பாத்தான்? நாள் பாத்துல்ல வந்திருக்கான்!"

"மணல்ல தடம் இருக்குமே?"

"அழிச்சுட்டுத்தான் போவான். போய்ப் பாருங்க, ஒரு தடம் இருக்காது."

இரண்டு பேர் சைக்கிளில் போய்ப் பார்த்தார்கள். ஒரு தடமும் இல்லை. இதற்கு மேல் நீங்களாக இருந்தால் என்ன பேசுவீர்கள்? ஜங்ஷனில் ஒருவர் புதுப் பெட்டியோடு இறங்கினால், அவருடைய ஜட்கா வண்டி திருவானைக்காவலைத் தாண்டுமுன், யார் வீட்டுக்கு வருகிறார், எத்தனை நாள் தங்குவார், பெட்டியில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் ஸ்ரீரங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். இந்த ஊருக்குத் தெரியாமல் ஒரு தட்டு வந்து போனதாம். கேட்டுக்கொண்டோம்.

தைரியராஜின் ஒரே மகள் அக்னஸ், ஆரம்பப் பள்ளி டீச்சர். தங்கமான பெண். லால்குடியிலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் ஹைஸ்கூல் வாத்தியார். அவன் போட்டோவை அவள் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள் என்றால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நிச்சயம் செய்யுமுன், பெண் வீட்டாருக்குத் தெரியாமல் யாராவது வந்து தெருவில் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுப் போவது நம் பக்கத்து வழக்கம் அல்லவா? பையனின் தாய்மாமன் அப்படித்தான் வந்தார். குடையும் சரிகை அங்கவஸ்திரமுமாக ரசூல் கடையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இந்தத் தெருவுல தைரியராஜ்னு ஒருத்தர் இருக்காராமே, ஆளு எப்படிங்க?"

பக்கத்தில் இருந்தவர் தைரியராஜ்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். தட்டு விஷயம் டெல்லிக்கு எட்டிவிட்டது! மப்டியில் சி.ஐ.டி.! அடுப்படியிலிருந்து ரசூல், 'நான்தான்னு சொல்லுங்க' என்று கண்ணைக் காட்டினார். கல்யாண வயதில் பெண் இருக்கும் தெருவில் அங்கவஸ்திரத்தோடு வந்து விசாரிப்பவர் யார் என்று ஒரு டீக்கடைக்காரருக்குத் தெரியாதா? தைரியராஜோ அதை 'ஜாக்கிரதை' என்று எடுத்துக்கொண்டார்.

"அந்த ஆளா? ஒரு வார்த்தை நம்பாதீங்க. வாயைத் திறந்தா பொய்."

"குடும்பம்?"

"குடும்பத்தோட ஊரை விட்டே போகப்போறாங்கன்னு பேச்சு. எங்கேன்னு கேட்டா யாருக்கும் தெரியாது."

வந்தவர் கும்பிட்டுவிட்டு எழுந்தார். ரசூல் கொதிக்கும் பாலை இறக்கி வைத்துவிட்டு ஓடிவருவதற்குள் டவுன் பஸ் கிளம்பிவிட்டது.

"சார், அது சம்பந்தி வீட்டு ஆளு!"

"அப்படித்தான் வேஷம் போட்டுக்கிட்டு வருவான் பாய். உங்களுக்குத் தெரியாது."

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. தைரியராஜின் மனைவி லூர்துராணி நடுக்கூடத்தில் நின்று உரக்கப் படித்தாள். 'உங்கள் தெருவிலேயே, சட்டைப்பையில் இரண்டு பேனா செருகியிருந்த ஒரு கண்ணியமான மனிதர் தெரிவித்ததன் பேரில், நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டோம்.'

"எந்தப் பாவிங்க அது? நாசமாப் போறவன்!" என்று அவள் கத்தினாள்.

அக்னஸ் அப்பாவின் சட்டைப்பையைப் பார்த்தாள். ஜெபப் புத்தகத்திலிருந்து போட்டோவை எடுத்து, அதே கடித உறைக்குள் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். இதைக் கேள்விப்பட்டபோது அந்த இரண்டு பேனாவையும் பிடுங்கி முறித்தால் என்ன என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

அவர் திருந்தியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? மறுநாளே டீக்கடையில் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"உங்களோட இருக்கட்டும். அந்தக் கடுதாசியே சி.ஐ.டி. எழுதினதுதான். லால்குடியில அப்படி ஒரு குடும்பமே கிடையாது. போய்ப் பாருங்க, வீடு பூட்டிக் கிடக்கும்."

மனசு கேட்காமல் நான் போய்ப் பார்த்தேன். பூட்டித்தான் கிடந்தது. பையனுக்கு அன்றைக்குக் கும்பகோணத்தில் நிச்சயதார்த்தம், வீட்டோடு போயிருந்தார்கள்.

பெயர்களையும் ஊரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த மனிதர் உண்மையில் யார் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்குமே? பக்கத்தில் இருப்பவரின் காதருகே குனியக்கூடத் தொடங்கிவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள் ஸார். அந்தப் பக்கத்து ஆள் உங்கள் பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்தவராக இருக்கப்போகிறார்.