நரிப்பள்ளத்தில் பார்க்க ஒன்றுமில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்குத் தாம்பரம் ஸ்டேஷனில், கடற்கரை போகும் மின்சார ரயிலுக்காக நின்றிருந்த சூர்யநாராயணன், தூணுக்குப் பின்னால் ஒரு குரங்குக் குல்லாவைப் பார்த்ததும் திரும்பி நடந்துவிடலாமா என்று யோசித்தார். குல்லா முந்திக்கொண்டது.

"குட்மார்னிங் சார். நான் அஞ்சு நாப்பதுக்கே வந்துட்டேன். நீங்கதான் பத்து நிமிஷம் லேட்."

குல்லாவுக்குள் இருந்தவர் கிட்டு. செம்பாக்கத்தில் எதிர்வீட்டுக்காரர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஓய்வு தனக்கு மட்டும்தான், அடுத்தவர்களுக்கு அல்ல என்ற கொள்கை உடையவர்.

"நீங்க எங்க சார் கிளம்பிட்டீங்க?"

"நீங்க எங்க போறீங்களோ அங்க."

சூர்யநாராயணன் தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். காரணம் இருந்தது. அவர் அரசு அலுவலகம் ஒன்றின் வரைபடப் பிரிவில், பழைய படங்களைத் தூசி தட்டி எண் போட்டு அடுக்குகிறவர். வாரத்தில் ஐந்து நாள் அலுவலகத்துக்கு. சனிக்கிழமை கிரைண்டர் கல், கேஸ் அடுப்பு, மச்சினன் வீட்டு விசேஷம் ஆகியவற்றுக்கு. ஞாயிறு காலை ஆறிலிருந்து ஒரு மணி வரை மட்டும் அவருடையது. ஏதாவது ஒரு ஸ்டேஷனில் இறங்குவார். கால் போன போக்கில் நடப்பார். ஒரு பழைய கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பார். நின்றபடி ஒரு காபி குடிப்பார். பார்த்ததை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு வீடு திரும்புவார். அந்த ஏழு மணி நேரத்தில் அவரை யாரும் "சார்" என்றோ "என்னங்க" என்றோ கூப்பிடுவதில்லை. அதற்காகவே மிச்ச வாரத்தைச் சகித்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் புத்தி கெட்டுப்போய், ராயபுரம் ஸ்டேஷன் தூண்களைப் படம் எடுத்துக் காலனி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். "தனியாகச் சுற்றுவதே தனி சுகம்" என்று கீழே ஒரு வரி வேறு. முப்பத்தொன்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். 'தனியாக' என்ற சொல்லை மட்டும் ஒருவரும் படிக்கவில்லை.

கிட்டு சானடோரியத்தில் பேச ஆரம்பித்தார். கோட்டை வரை பேசினார். சைதாப்பேட்டைக்கும் மாம்பலத்துக்கும் நடுவே மட்டும் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது, அதுவும் அவருக்கு இருமல் வந்ததால். மதியம் திரும்பும்போது நோட்டை எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் குறிச்சுக்கறீங்க?"

"சும்மாதான்."

"சும்மாவா?" என்ற கிட்டு, அதற்குப் பிறகு தாம்பரம் வரும் வரை வாயைத் திறக்கவில்லை. அதை ஒரு நல்ல சகுனமாகச் சூர்யநாராயணன் எடுத்துக்கொண்டார்.

ஆனால் அடுத்த சனிக்கிழமை மாலையே எதிர்வீட்டு மாடியிலிருந்து குரல் வந்தது. "நாளைக்கு எங்க சார்?"

ஒரு மனிதரை முகத்துக்கு நேராக 'வராதே' என்பது நாகரிகமல்ல. வந்தவர் தானாக நொந்து, இனி வரமாட்டேன் என்று ஓடும்படி செய்வதுதான் நாகரிகம். எதையும் முறைப்படி செய்து பழகிய சூர்யநாராயணன் இதையும் முறைப்படி தொடங்கினார்.

"பம்மல் போறேன் சார்."

"பம்மல்லயா? அங்க பார்க்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்லை."

மறுநாள் கிட்டுவோடு சிட்டிபாபுவும் நின்றிருந்தார். சிட்டிபாபு செம்பாக்கத்தின் பூர்வகுடி. ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த அவர்கள் குடும்ப நிலத்தில், இப்போது ஒரு ஹார்டுவேர் கடையும் ஆறு வாடகை வீடுகளும் விளைகின்றன.

"கிட்டு சாரு சொன்னாரு. நானும் வர்றேன் சார். எனக்கும் வூட்ல குந்திகினு பேஜாரா கீது."

பம்மலில் மூன்று மணி நேரம் நடந்தார்கள். லேத் பட்டறை, அதற்கு அடுத்து ஒரு வெல்டிங் பட்டறை, அதற்கு அடுத்து மறுபடியும் லேத் பட்டறை. பழைய தோல் கிடங்கு ஒன்றின் பக்கமாக வேண்டுமென்றே இரண்டு முறை கூட்டிப்போனார். சூர்யநாராயணனுக்கே தலை சுற்றியது. சிட்டிபாபு உதிரிமல்லியை மோந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"போர் அடிக்குதா சிட்டிபாபு?"

"இன்னா சார் நீ. நீ எந்தப் பக்கம் பாக்கறியோ அந்தப் பக்கமேதான் நானும் பாத்துகினு வர்றேன்."

அடுத்த வாரம் மருந்தின் வீரியத்தைக் கூட்டினார். திருநீர்மலை. அதுவும் வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் படியேற்றம். ஒன்பது பேர் வந்தார்கள். பாதிப்படியில் திரும்பிவிடுவார் என்று அவர் எதிர்பார்த்திருந்த கிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக மேலே நின்றார். ரங்கநாதருக்கு அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒன்பது பேரும் சூர்யநாராயணனைப் பார்த்தபடி நின்றார்கள்.

இவர்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவர் தெற்கே திரும்பிக்கொண்டார். ஒன்பது பேரும் தெற்கே திரும்பினார்கள். நாலு பேர் செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

"அந்தப் பக்கம் என்ன சார்?" என்றார் கிட்டு.

"ஒண்ணுமில்லை சார்."

"ஒண்ணுமில்லைன்னு சொல்றார்," என்று கிட்டு பின்வரிசைக்குத் தாழ்ந்த குரலில் அறிவித்தார். கோயிலில் தீர்த்தம் வாங்கிக்கொள்ளும் பணிவோடு பின்வரிசை தலையாட்டியது.

வீட்டில் இன்னொரு அதிசயம் நடந்தது. அவர் மனைவி ஜெயஸ்ரீ, பள்ளியில் கணக்கு டீச்சர். இருபது வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட "எங்கே போறீங்க" என்று கேட்டதில்லை. அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"அடுத்த வாரம் எந்தப் பக்கம்?"

"ஏன், நீயும் வரப் போறியா?"

"நான் எதுக்கு? சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான். கிட்டு சார் வீட்டுல பட்டு மாமி கேட்டாங்க."

மனைவிக்குக்கூட ஊர் சுற்றும் ரசனை தொற்றிக்கொண்டதே என்று சூர்யநாராயணனுக்கு ஒரு நிமிஷம் நெகிழ்ந்துவிட்டது. நெகிழ்ச்சியில் அவளிடமே கேட்டார். "நம்ம பக்கத்துலயே ரொம்ப ரொம்பப் போரான இடம் எது ஜெயா?"

"நீங்கதான் சொல்லணும்," என்றாள் அவள், கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு.

அலுவலகத்துப் பழைய படங்களைத் துழாவி அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். வண்டலூருக்கும் அப்பால், பெரிய சாலையை விட்டு உள்ளே நாலு கிலோமீட்டர். பெயர் நரிப்பள்ளம். படத்தில் கோயில் இல்லை, குளம் இல்லை, ஊரே இல்லை. நரியாவது இருந்ததா என்பதற்கும் ஆதாரம் இல்லை.

அந்த ஞாயிறு பத்தொன்பது பேர் வந்தார்கள். வாராவாரம் இவர்களை ஸ்டேஷனில் இறக்கிவிடும் ஷேர் ஆட்டோ பாலு, "ரயிலு அங்க போவாது சார், நானே இட்டுகினு போறேன்" என்று தன் வண்டியையும், மச்சான் வண்டியையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். சிட்டிபாபுவின் மனைவி ஹேமாவதி ஒரு தூக்கு நிறையப் புளியோதரையோடு ஏறினாள்.

நரிப்பள்ளம் அவர் நம்பிக்கையை மோசம் செய்யவில்லை. நாலு பனைமரம், முள்காடு, ஒரு உடைந்த சிமெண்டுத் தொட்டி. சூர்யநாராயணன் நடுப் பொட்டலில் போய் நின்றார். பேசவில்லை, அசையவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே நின்று இவர்களைச் சலிப்பால் சாகடித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். நோட்டை எடுத்து 'பனை நான்கு, தொட்டி ஒன்று' என்று எழுதி, மூடி வைத்தார்.

பத்தொன்பது பேரும் நின்றார்கள். ஒருவர்கூட உட்காரவில்லை. பாலுவும் வண்டியை விட்டு இறங்கிவந்து கைகட்டி நின்றுகொண்டார்.

"அண்ணா, இங்க தண்ணி எப்பிடி?" என்று ஹேமாவதி மெல்லக் கேட்டாள்.

"பாட்டில் கொண்டுவரலியாம்மா? என்கிட்ட இருக்கு, இந்தாங்க."

அவள் பாட்டிலை வாங்கிக்கொண்டு கணவனைப் பார்த்தாள். கணவர் கிட்டுவைப் பார்த்தார். கிட்டு தொண்டையைக் கனைத்தார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க நிலைமை எங்களுக்குப் புரியுது. ஆனா ஒரு வார்த்தை சொன்னா போதும். இங்க அப்படி என்னதான் இருக்கு?"

வெயிலும் எரிச்சலும் சேர்ந்து சூர்யநாராயணனுக்கு மண்டை காய்ந்தது. பிறந்ததிலிருந்து யாரையும் குத்திப் பேசாதவர், அன்றைக்குத்தான் கொஞ்சம் குத்தலாகப் பேசினார்.

"அஞ்சு வருஷம் கழிச்சு வந்து பாருங்க சார். அப்ப தெரியும்."

அப்போதும் இதே நாலு பனைமரம்தான் இருக்கும் என்பது அவர் பொருள். பத்தொன்பது முகங்களும் பிரசாதம் கிடைத்த மாதிரி மலர்ந்தன. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. திரும்பும் வழியில் கிட்டு கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டு வந்தார். ஹேமாவதி புளியோதரையில் முந்திரியாகப் பொறுக்கிச் சூர்யநாராயணன் இலையில் வைத்தாள்.

இனி நாகரிகம் பார்த்துப் பயனில்லை என்று தெரிந்துபோனது. அடுத்த ஞாயிறு முழங்காலில் கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு, டாக்டர் நடக்கக் கூடாது என்று சொன்னதாகக் குழுவில் போட்டார். ஆளுக்கொரு வாழைத்தாரோடு வீட்டுக்கே வந்து உட்காருவார்கள் என்று பயந்தார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. குழுவில் ஒரே ஒரு கட்டைவிரல், அதுவும் மருந்துக் கடைக்காரர் போட்டது. அதற்கடுத்த ஞாயிறும் அதே நிசப்தம். கொஞ்சம் மனத்தாங்கலாகக்கூட இருந்தது, அத்தனை சீக்கிரமா மறப்பார்கள் என்று. ஆனாலும் வெற்றி வெற்றிதானே. மனிதர்களைச் சலிக்க வைக்க நரிப்பள்ளத்துக்கு மிஞ்சிய இடமில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் ஞாயிறு முழங்காலை விடுதலை செய்தார். ஜெயஸ்ரீ பள்ளியில் ஏதோ பயிற்சி என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு விடியற்காலையே போய்விட்டாள். பட்டுப்புடவையில் என்ன பயிற்சி என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் நின்று பதில் சொல்லுவாள், ஐந்து ஐம்பது வண்டி போய்விடும். கேட்கவில்லை.

தெருவில் இறங்கினார். கிட்டு வீட்டில் பூட்டு. சிட்டிபாபு வீட்டில் பூட்டு. வரிசையாக எல்லாக் கேட்டிலும் பூட்டு. செம்பாக்கமே தனக்காகக் காலிசெய்து கொடுத்த மாதிரி இருந்தது. மயிலாப்பூரா, சேத்துப்பட்டா, எழும்பூரா என்று ஆறு வாரத்து ஆசையை நாவில் வைத்துச் சுவைத்தபடி நடந்தார். யாரும் இல்லை. யாருமே இல்லை.

ஏரிக்கரைத் திருப்பத்தில் பாலுவின் ஆட்டோ வந்து நின்றது. பாலு புதுச்சட்டை போட்டு நெற்றி நிறையச் சந்தனம் வைத்திருந்தார்.

"ஏறு சார். உன்ன இட்டாரச் சொல்லித்தான் அனுப்சாங்க. அல்லாரும் வெய்ட் பண்ணிகினு கீறாங்க."

"அல்லாரும்னா யாரு? எங்க?"

"இன்னா சார், ஒண்ணும் தெரியாத மாதிரியே கேக்கற? மேப்பு ஆபீஸ்ல கீறவரு காரணம் இல்லாம ஒரு பொட்டல்ல ஒன் அவர் நிப்பாரான்னு நம்ம தெருவே நரிப்பள்ளத்துல மனை வாங்கிடுச்சு, இன்னிக்கு பூமி பூஜை. மூலை மனை உன் வூட்டம்மா பேர்ல, இந்தாண்ட கிட்டு சாரு, அந்தாண்ட சிட்டிபாபு அண்ணன், எதிர்ல நானு, தெருவுக்கு உன் பேரைத்தான் சார் வெச்சிருக்கோம்."