இடுப்பில் ஒரு பெருமை

மனித நாகரிகம் மூன்று பெரும் பாய்ச்சல்களில் முன்னேறியது. முதலில் நெருப்பு. பிறகு சக்கரம். அதற்கும் பிறகு, இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கியைச் செருகிக்கொண்டு அதன்மேல் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்ளும் கலை. முதலிரண்டும் எங்கே பிறந்தன என்பதில் அறிஞர்களுக்குள் சச்சரவு உண்டு. மூன்றாவது செழித்து வளர்ந்தது டெக்சஸில்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

கிழக்கு டெக்சஸில் டோபின் கிரீக் என்ற ஊரில் மெத்தைக் கடை நடத்திவந்த வெர்லன் டாக்கெட், ஐம்பத்திரண்டு வயதில்தான் இந்த ஞானத்தை அடைந்தார். அதுவரை வெறும் இடுப்போடு திரிந்திருக்கிறார். நினைத்தாலே அவருக்கு உடம்பு நடுங்கியது. அந்த ஊரில் கடைசியாக நடந்த கொடுங்குற்றம், தேவாலய வாசலில் கிறிஸ்துமஸ் குடிலில் வைத்திருந்த குழந்தை இயேசு பொம்மை காணாமல் போனது. பிறகு அது காற்றில் பறந்துபோய்ப் பக்கத்துச் சாக்கடையில் கிடந்தது தெரியவந்தது. என்றாலும் எச்சரிக்கையாக இருப்பதில் தவறில்லை. காற்று எந்த நேரமும் திரும்பி வரலாம்.

துப்பாக்கிக் கடைக்காரர் ஸ்காக்ஸ், மாப்பிள்ளை பார்க்கும் தரகரைப் போலப் பொறுமைசாலி. கண்ணாடிப் பெட்டிமேல் துணியை விரித்து, வரிசையாக எடுத்து வைத்தார்.

"பாருங்க சார், தினமும் கட்டிக்கிட்டு அலையப்போறீங்க. யோசிச்சு எடுக்கணும். ரொம்பச் சின்னதுன்னா கழுதை மாதிரி உதைக்கும். பெருசுன்னா கர்ப்பம் மாதிரி தெரியும்."

"நடுவுல ஒண்ணு இல்லையா?"

"அதைத் தேடித்தான் சார் ஊரே அலையுது."

வெர்லன் ஒவ்வொன்றாக இடுப்பில் செருகிப் பார்த்தார். குனிந்தார். உட்கார்ந்தார். மேல்தட்டில் எதையோ எடுப்பதுபோல் எக்கினார். கல்யாணப் புடவை எடுக்கும்போதுகூட இவ்வளவு திரும்பித் திரும்பிக் கண்ணாடி பார்ப்பவர்கள் கிடையாது. கடையில் சும்மா நின்றிருந்தவர்கள் ஆலோசனைக் குழுவாக மாறினார்கள்.

"இதுல ஏழு குண்டுதானே? மூணு பேர் வந்தா என்ன பண்ணுவே?" என்றார் ஒருவர்.

"மூணு பேர் வந்தாச் சமாளிக்கலாம்ப்பா. எட்டுப் பேர் வந்தா?" என்றார் இன்னொருவர்.

வெர்லனுக்கு வியர்த்துவிட்டது. அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கே ஆறு பேர்தான் வந்தார்கள். ஆனாலும் எட்டுப் பேரை மனதில் வைத்து, உள்ளங்கைக்குள் முக்கால்வாசி மறைகிற, பதினோரு குண்டு கொள்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கூடவே, அதற்கு இடம்விட இடுப்பு இரண்டு அங்குலம் கூடுதலான கால்சட்டைகள்.

வீட்டில் மனைவி மார்வெல்லா, பற்பசை நுரையோடு வந்து பார்த்தாள்.

"என்ன அது, இடுப்புல வீக்கம்?"

"உன் பாதுகாப்பு, கண்ணு."

"என் பாதுகாப்பு உன் தொப்பைக்குக் கீழே ஏன் இருக்கு?"

"அவசரத்துக்கு எடுக்கணுமே!"

"போன வாரம் கார் சாவியை எடுக்கவே அரை மணி நேரம் தடவினியே வெர்லன்."

வீரர்களின் மனைவிகள் எல்லாக் காலத்திலும் இப்படித்தான் பேசியிருக்கிறார்கள். வெர்லன் பெருந்தன்மையோடு மன்னித்தார்.

ஆயுதத்தை ஒளித்துச் சுமப்பதில் ஒரே ஒரு கஷ்டம், அது யாருக்கும் தெரியாமல் இருப்பது. இந்த வேதனையை வெர்லன் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மெத்தை வாங்க வந்தவர்கள் முன்னால் அடிக்கடி இடுப்பைத் தூக்கிவிட்டுக்கொண்டார். தேவாலயத்தில் யாராவது கட்டிப்பிடிக்க வந்தால், "மெதுவா, மெதுவா… அந்தப் பக்கம் வேண்டாம்" என்று அர்த்தத்தோடு சிரித்தார். எதிராளியும் அதே சிரிப்போடு அதே பக்கத்தை விலக்கிக்கொண்டார். டோபின் கிரீக்கில் சகோதர அன்பு கோணலாகத்தான் பரிமாறப்பட்டது.

நன்றி தெரிவிக்கும் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, தம்பதியர் பேரங்காடிக்குப் போனார்கள். மார்வெல்லா பூசணிக்காய் டப்பாக்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வெர்லன், பயிற்சி பெற்ற கண்ணால் "சூழலை மதிப்பிட்டார்".

பட்டாணி வரிசையின் கோடியில் ஒரு புதிய ஆள். தொளதொளவென்ற சட்டை. வயிற்றருகே சந்தேகத்துக்கிடமான புடைப்பு. கண்கள் நிலையில்லாமல் அலைந்தன. கை இடுப்பை விட்டு நகரவேயில்லை. நடுநடுவே முகத்தை வேறு சுளித்தான். அச்சு அசலாக இதே லட்சணங்களோடு வெர்லனும் நின்றிருந்தார் என்பது ஒரு துரதிர்ஷ்டமான ஒற்றுமை.

"மார்வெல்லா, என் பின்னால வா," என்றார் கிசுகிசுப்பாக.

"எதுக்கு? கிரீம் இந்தப் பக்கம் இருக்கு."

"சொன்னாக் கேளு. அந்த ஆள் கையைப் பாரு."

"அரிக்குதோ என்னவோ. நீயும்தான் நாள் முழுக்க அங்கேயே கை வெச்சிருக்கே."

புதியவன் சட்டைக்குள் கைவிட்டான். எட்டுப் பேருக்காகக் காத்திருந்த வெர்லனின் வீரம், ஒரே ஆளைக் கண்டதும் பொங்கி எழுந்தது. அவர் துப்பாக்கியை உருவினார். அது சட்டையில் சிக்கியது. இழுத்தார். சட்டை வந்தது. துப்பாக்கியும் வந்தது. விரல் மட்டும் வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டது.

சத்தம் அடங்கியபோது, பூசணி டப்பாக்களுக்கு நடுவே மார்வெல்லா தொடையைப் பிடித்துக்கொண்டு சரிந்திருந்தாள். விரல்களுக்கிடையே ரத்தம் குபுகுபுவென்று வந்தது.

அடுத்த நொடி கடையில் நின்ற அத்தனை பேர் கையிலும் துப்பாக்கி முளைத்தது. ரொட்டி வரிசைக்காரர் பால் வரிசைக்காரரைக் குறிவைத்தார். பால்காரர் கல்லாப்பெண்ணைக் குறிவைத்தார். கல்லாப்பெண் எல்லோரையும் பொதுவாகக் குறிவைத்தாள். வீரர்கள் சிலைபோல் நின்றார்கள். ரத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அசைந்தவர் அந்தப் புதியவர் ஒருவர்தான். ஓரின் பீவி என்ற அந்தக் கிழவர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் சட்டைக்குள்ளிருந்து உருவியது குடலிறக்கத்துக்குக் கட்டும் அகலப் பட்டை. மண்டியிட்டு அதை மார்வெல்லாவின் தொடையில் சுற்றி இறுக்கினார்.

"பயப்படாதேம்மா. இறுக்கித்தான் கட்டுறேன், வலிக்கும், பொறுத்துக்கோ. டேய், யாராவது ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்கடா! ஆளாளுக்கு ஒரு கை சும்மாத்தானே இருக்கு!"

அன்று அந்தக் கடையில் சட்டைக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தவற்றில் உயிரைக் காப்பாற்றிய பொருள் அது ஒன்றே.

வெர்லன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அவள் முகம் வெளுத்துக்கொண்டே போவதைப் பார்த்து, குழந்தைபோல் ஏங்கி ஏங்கி அழுதார். அந்தச் சில நிமிடங்கள் மட்டும் அவர் ஆயுதமில்லாத, யோக்கியமான மனிதராக இருந்தார்.

வட்டாரக் காவல் தலைவரான ஷெரீப் வந்து, "கெட்டவன் யாரு?" என்று கேட்டார். எல்லோரும் அவரவர் துப்பாக்கியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்கள். ஆகவே "விபத்து" என்று முடிவு செய்து, வெர்லனின் தோளைத் தட்டினார். "ஒரே குண்டோட நிறுத்திக்கிட்டீங்களே. அதுதான் சார் பயிற்சி!"

மார்வெல்லா பிழைத்துக்கொண்டாள். திருநாளன்று மருத்துவமனைக்கு ஸ்காக்ஸ் பூங்கொத்தோடு வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே வெர்லனை ஜன்னலோரம் அழைத்துப்போய்க் காரணத்தை விளக்கினார்.

"தப்பு உங்க மேல இல்ல சார். அது கொஞ்சம் சின்னது. பிடி கைக்குப் பத்தலை. அதைவிட ஒரு சுற்றுப் பெருசா எடுத்திருந்தா இப்படி ஆகியிருக்காது."

"அப்படியா?" என்றார் வெர்லன். குரலில் துக்கம் இருந்தது. ஆர்வமும் இருந்தது. "எவ்வளவு பெருசு?"

கட்டிலிலிருந்து மார்வெல்லா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்காக்ஸ் அவள் பக்கம் திரும்பி, மிகுந்த பணிவோடு ஒரு படத்தை நீட்டினார். ஊதா நிறத்தில், கைப்பைக்குள் அடங்குகிற பெண்கள் துப்பாக்கி.

"உங்களுக்கும் ஒண்ணு வேணும் மேடம். அன்னிக்கு உங்க கையில மட்டும் இது இருந்திருந்தா!"

மார்வெல்லா படத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு புருஷனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"கொடு ஸ்காக்ஸ், வாங்கிக்கிறேன். உன் கடைக்கு வந்த ஒருத்தனுக்கும் தெரியாத விஷயம் எனக்குத் தெரியும்."

"என்ன மேடம்?"

"யாரைச் சுடணும்னு."