எழுபத்தொன்றுக்கு இருபத்துநான்கு

எனக்கு கோல்ஃப் தெரியாது. அதில் வெட்கமில்லை, திருப்பூரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லத் தெரியாததுதான் என் கோளாறு.

அப்போது ஒரு நாளிதழில் தற்காலிக நிருபராக இருந்தேன். ஆசிரியர் கூப்பிட்டார்.

"நாடு வேகமா வளருது தம்பி. நம்மூரு முதலாளிங்க கோல்ஃப் ஆட ஆரம்பிச்சுட்டாங்க. போய் எழுதிட்டு வா. நல்லா வந்தா வேலை பர்மனென்ட், சொதப்பினா திரும்பி வராதே. கோல்ஃப் தெரியுமில்ல?"

"தெரியுங்க சார்" என்றேன். (ரிமோட்டில் அந்தச் சேனலை வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன்.)

நாட்டின் வளர்ச்சி எனக்குச் சொந்தத்திலேயே கிடைத்தது. அம்மாவின் தம்பி நாச்சிமுத்து மாமாவுக்கு ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி. சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு பையர்களுக்குப் பிடிக்குமே என்று, கம்பெனிக்குப் பின்னால் இருந்த சோளக்காட்டில் புல் வளர்த்து ஆறு குழி வெட்டியிருந்தார். அந்தச் சனிக்கிழமை ஒரு நெதர்லாந்து பையருடன் முதல் ஆட்டம்.

ஒவ்வொரு அடிக்கும் கட்டிங் மாஸ்டர் நோட்டில் ஒரு கோடு போட்டார். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விடாமல் அடித்தார். பந்து தென்னந்தோப்புக்குள் போனாலும் வேலையாட்கள் கைதட்டினார்கள். பையரோ சுத்தச் சோம்பேறி. குழிக்கு நாலு தட்டு தட்டிவிட்டு நிழலில் போய் நின்றுகொண்டார். கடைசியில் மாமா 71, பையர் 24. பையர் சிரித்தபடி கை குலுக்கினார். தோற்றும் என்ன பெருந்தன்மை என்று குறித்துக்கொண்டேன்.

"நாந்தான ஜெயிச்சது மாப்ள?" என்று மாமா காதோடு கேட்டார்.

"மூணு மடங்கு வித்தியாசம் மாமா" என்றேன்.

ஞாயிறு காலை செய்தி வந்தது: '71க்கு 24: வெளிநாட்டவரை மண்ணைக் கவ்வ வைத்த திருப்பூர் முதலாளி'. வேறு ஊராக இருந்தால் இது காகிதத்தோடு போயிருக்கும், மறுநாள் பஜ்ஜி மடித்திருப்பார்கள். மாமாவுக்கோ பிரிண்டிங் டேபிள் பக்கத்து ஷெட்டில். மதியத்துக்குள் முந்நூறு டி-சர்ட், நெஞ்சில் கொட்டை எழுத்தில் 71-24.

அன்று மாமா வைத்த வெற்றி விருந்தில் பையர் தனக்குக் கொடுத்த டி-சர்ட்டை மாட்டிக்கொண்டு, குனிந்து பார்த்துவிட்டு, என்ன இது என்று கேட்டார். விளக்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சொன்னதை, கம்பெனியில் பையர்களோடு பேசி ஆர்டர் பார்க்கும் மெர்ச்சன்டைசர் பெண் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள்.

"கோல்ஃப்ல கம்மியா அடிச்சவங்கதான் ஜெயிச்சவங்களாமுங்க."

மாமா கையிலிருந்த அப்பளத்தை இலையில் வைத்தார். "நம்ம ரிஜெக்சன் மாதிரிங்களா? கம்மியா வந்தாத்தான் நல்லதுங்களா?"

"ஆமாங்க."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வேலை போய்விட்டது என்று ஆசிரியருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகையே வந்தது. ரசத்தின் மேல் பழிபோட்டேன்.

பையர் ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் போனார். (அரை நாளில் முந்நூறு உருப்படி முடித்தது அவருக்குப் பிடித்துப்போயிற்றாம்.) ஆசிரியரும் சொன்ன சொல் தவறவில்லை. வேலையில்லாமல் நின்றவனை மாமா கம்பெனிக்கு அழைத்துக்கொண்டார்.

"பிரிண்டுக்குப் போறதுக்கு முன்னால எல்லாத்தையும் நீ ஒருக்கா பாரு மாப்ள. தெரியலீனா தெரியலீன்னு சொல்லு."

இன்றும் எனக்கு அதே வேலைதான். அந்த டி-சர்ட்டுகளும் சொந்தக்காரர்கள் வீடுகளில் இன்னும் கிழியவில்லை; மாமா துணி அப்படி.

போன மாதம் என் மகள் கணக்குப் பரீட்சையில் இருபத்துநான்கு வாங்கி வந்தாள். திட்ட வாயெடுத்தேன். உள்ளே போனவள், என் பழைய 71-24 டி-சர்ட்டை முழங்கால்வரை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நா ஜெயிச்சிருக்கறனுங்கப்பா."