பஞ்சு அடைத்த டயர்

எங்கள் போடியில் இரண்டு விஷயங்களுக்கு யாரிடமும் யோசனை கேட்கவே வேண்டாம், தானாக வந்து சொல்வார்கள். ஒன்று மூலத்துக்கு மருந்து. இன்னொன்று சைக்கிள் டயரில் முள் குத்தாமல் இருக்க வழி. முதலாவதில் எனக்கு அனுபவம் இல்லை (இதுவரை). இரண்டாவதில் நான் பட்ட பாட்டை எங்கள் சொந்தபந்தம் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறது. அதுவும் சாவு வீடுகளில் உட்கார்ந்துதான் சிரிக்கும். கல்யாண வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

போடிக்கு ரயில் வராத காலம் அது. ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றில் காயைத் தரம் பிரிக்கிற இடத்தில் எனக்கு மேஸ்திரி வேலை. ஒரு காயை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அமுக்கி, மோந்து பார்த்து, எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். பத்தில் நாலு சரியாக இருக்கும். மற்ற ஆறையும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதால் எனக்கு என்மேல் பெரிய மதிப்பு இருந்தது.

அந்தச் சமயம் மேலே ஏலத்தோட்டத்திலிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, கூலியாள் தலையில் ஏற்றி ஒரு சைக்கிளை மலைக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு பாய் விரிக்கிற அளவுக்குக்கூடச் சமதரை கிடையாது என்பது போன பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது மறுபடியும் தலைச்சுமையாகவே போடிமெட்டுப் பாதையில் இறங்கி வந்தது. மலை ஏறி மலை இறங்கியும் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றாத அந்தச் சைக்கிளை நான்தான் வாங்கினேன். டயர் இரண்டும் கருவாடு மாதிரி காய்ந்து வெடித்திருந்தன. எனவே டயர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எங்கள் சீமை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். மலைமேல் மழை விடாமல் கொட்டும். கீழே நாங்கள் அண்ணாந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம், அவ்வளவுதான். ஊரைத் தாண்டினால் பொட்டல். பொட்டல் முழுக்க உடைமுள், கருவேலமுள், இலந்தைமுள். அதுவும் போதாதென்று தரையோடு தரையாக நெருஞ்சி. வண்டிப்பாதையில் மாடே பார்த்துத்தான் கால் வைக்கும்.

டயர் வாங்க மதுரைக்குப் போனேன். போகும்போது ஏலக்காய்ப் பையில் எல்லா ரக முள்ளிலும் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டேன். சரக்கைச் சோதிக்காமல் வாங்குகிற ஆளா நான்? கடையில் மூன்று வகை காட்டினார்கள். ஒன்று மெலிசு, வேகமாக ஓடும். இரண்டாவது தடித்த ரப்பர், அழுத்தி மிதிக்க வேண்டும். மூன்றாவது காற்றே வேண்டாத கெட்டி ரப்பர், கடைக்காரர் அதை என் வளையத்தில் பொருந்தாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நான் மூன்றையும் அமுக்கிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன், பிறகு பையை அவிழ்த்து மெலிசான டயரில் ஓர் உடைமுள்ளை வைத்து அழுத்தினேன்.

கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, டயரு வாங்க வந்தியா, ஓட்ட போட வந்தியா?"

"எங்க ஊரு முள்ளு தாங்குமான்னு பாக்குறேண்ணே."

"இப்ப நீ தாங்குவியான்னு நான் பாக்கவா?"

தடித்ததை வாங்கிக்கொண்டு வெளியேறினேன். அதுவும் முதல் வாரமே காற்றை விட்டது. ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு உள்ளே இருந்த டியூப் பிச்சைக்காரன் சட்டை மாதிரி ஆகிவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று டயருக்குள் ஆட்டுத்தோல் வைத்துத் தைத்தேன். தோல் சரியாகப் பதப்படவில்லை. நான் போகிற தெருவிலெல்லாம் நாய்கள் பின்னாலேயே வந்தன, கிட்டங்கி வாசலில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தன. முதலாளி, "நீ வேணும்னா இரு, உன் பரிவாரம் வேணாம்" என்று சொன்ன பிறகு தோலைப் பிடுங்கி எறிந்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை உதித்தது. போடியில் வீட்டுக்கு வீடு இலவம்பஞ்சு மெத்தை இருக்கும். மெத்தையில் முள் குத்தினால் மெத்தை செத்தா போகிறது? காற்று இருந்தால்தானே காற்றுப் போகும்? டியூபைத் தூக்கிப் போட்டுவிட்டு, இலவம்பஞ்சைத் துணியில் வைத்துப் பாம்பு மாதிரி உருட்டி, டயருக்குள் திணித்து, டயர் கழன்று வராமல் வளையத்தோடு சேர்த்துக் கயிற்றுப் பிரியால் வரிசையாகக் கட்டினேன். பிரேக்குக் கட்டை கயிற்றில் இடித்ததால் அதையும் கழற்றிவிட்டேன். கடைத்தெருவில் நாலு சுற்றுச் சுற்றினேன். முள் வேண்டிய மட்டும் குத்தியது, ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

ஆனி மாதம் அய்யாவுக்கு (என் தகப்பனாருக்கு) உடம்பு முடியாமல் போயிற்று. வைத்தியர் நாடியைப் பிடித்துவிட்டு எங்கள் சித்தப்பாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். உள்ளே வந்தால் அய்யா ஒரே வார்த்தைதான் சொல்லிக்கொண்டிருந்தார். "பேச்சியப் பாக்கணும்."

பேச்சியம்மா என் அக்கா. ராசிங்காபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் எங்கள் வாசலை மிதித்து வருசக்கணக்காகிவிட்டது. காரணம் ஒரு காளை. மச்சான் ஆசையாக வாங்கி வந்த காளையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து, அய்யா நாலு பேர் முன்னால் "கிழட்டு மாடு மாப்ளே" என்று சொல்லிவிட்டார். மச்சான் அந்த இடத்திலேயே, "இந்தப் பெரிய மனுசன் மூச்சு இருக்கிற வரைக்கும் அந்த வாசல்ல நானும் கால் வைக்க மாட்டேன், எம் பொண்டாட்டியும் வைக்க மாட்டா" என்று சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினார். அய்யாவும் இறங்கிப் போகவில்லை. அக்காதான் நடுவில் கிடந்து காய்ந்தாள்.

இப்போது யாராவது போய் மச்சான் மனசைக் கரைத்து அக்காவைக் கூட்டி வர வேண்டும். அய்யாவுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று வைத்தியருக்கே தெரியவில்லை.

சித்தப்பா, "வண்டியப் பூட்டுறேன், வெரசாப் போயிட்டு வா" என்றார்.

"மாடு கண்மாயத் தாண்டுறதுக்குள்ள நான் அக்கா வீட்டுல மோரு குடிச்சிட்டிருப்பேன் சித்தப்பா."

அய்யா கண்ணைத் திறக்காமலே, "அந்த மெத்தை மேலயா போறான்?" என்றார். அந்த நிலையிலும் அவருக்கு வாய் அடங்கவில்லை.

புறப்பட்டேன். மச்சானிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் கருவேல மரங்களுக்குச் சொல்லிப் பழகிக்கொண்டே போனேன். "பெரியவுக ஏதோ ஒரு சொல்லு சொல்லிட்டாக மச்சான், அத மனசுல வச்சுக்காதீக" என்று ஆரம்பித்து, நடுவில் கண்ணைத் துடைத்து, கடைசியில் காலில் விழுவதாக ஏற்பாடு. அன்றைக்கு நான் அதைப் பேசியிருந்தால் கல்லும் கரைந்திருக்கும்.

கண்மாய்க்கரை தாண்டியதும் முதல் கயிறு அறுந்தது. கயிற்றுக்கு மேல்தானே சக்கரமே உருள்கிறது, அது தேயும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. ஒன்று போனதும் அடுத்தது, அதற்கடுத்தது. டயர் வாயைப் பிளந்தது, துணிப்பாம்பு வெளியே வந்து சக்கரக்கம்பியில் சுற்றிக்கொண்டது, நான் ஓர் உடைமரத்துக்குள் போய் விழுந்தேன். ஆனிக்காற்று மலையிலிருந்து இறங்கி அடித்தது. பஞ்சு பறந்தது. தலையில், புருவத்தில், மீசையில், வாய்க்குள், எங்கே பார்த்தாலும் பஞ்சு. தலைத்துண்டை அவிழ்த்து டயரைக் கட்டினேன். வேட்டியில் பாதியைக் கிழித்து மற்ற டயரைக் கட்டினேன். அப்படியும் உருளவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம், அதற்கும் மனசு வரவில்லை. தள்ளினேன். வைக்கோல் பாரம் ஏற்றிய ஒரு மாட்டுவண்டி என்னைத் தாண்டிப் போயிற்று. வண்டிக்காரர் என்னைப் பார்த்துவிட்டு மாட்டைக் கொஞ்சம் விலக்கி ஓட்டினார்.

அய்யா போய்விடுவாரோ என்று அப்போதுதான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. அழுதுகொண்டே தள்ளினேன்.

ராசிங்காபுரம் எல்லைக் கிணற்றில் அக்கா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணால் ஒரு நிமிசம் பாருங்கள். தம்பி தலைத்துண்டு இல்லாமல் வருகிறான். எங்கள் பக்கம் கேதம் (சாவுச் சேதி) சொல்ல வருகிறவன்தான் அப்படித் தலைத்துண்டைக் கழற்றிக்கொண்டு வருவான். வேட்டி கிழிந்திருக்கிறது, கண் சிவந்திருக்கிறது, அழுகிறான். மூக்கு வாயெல்லாம் பஞ்சு. செத்தவர் மூக்கில் வைக்கிற பஞ்சை எங்கள் ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள்.

குடம் கீழே விழுந்தது. "தம்பி, அய்யா போயிட்டாகளா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது, கூடவே கொஞ்சம் பஞ்சும் வந்தது. இல்லை என்று இரண்டு கையையும் விரித்து ஆட்டினேன். அதை அவள் எல்லாம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு அவள் வைத்த குரலில் தெருவே கூடிவிட்டது.

மச்சான் வயலிலிருந்து ஓடி வந்தார். விசயத்தைக் கேட்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். "ஒரு மாட்டுக்காக வராம இருந்துட்டேனே மாமா, நான் மனுசனா" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எழுந்து, "வண்டியப் பூட்டுங்கடா" என்றார்.

அதற்குள் எனக்குக் குரல் வந்துவிட்டது. "மச்சான், அய்யா இன்னும்..."

"ஒண்ணும் பேசாத மாப்ளே. எம் முகத்தப் பாத்துப் பேசாத."

நான் பேசவில்லை. உயிரோடு இருக்கிறார் என்று சொன்னால் பூட்டிய மாட்டை அவிழ்த்துவிடுவாரே என்று அந்த நேரத்தில் தோன்றிவிட்டது. வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறினேன். திருவிழாவுக்கு எடுத்து வைத்திருந்த புது வேட்டியை, செத்தவருக்குப் போர்த்துகிற கோடித்துணியாக மச்சான் மடியில் வைத்திருந்தார். அக்கா வழி நெடுக ஒப்பாரி வைத்தாள். அந்தப் பயணத்தில் என் நிலைமை என்னவென்றால், அய்யா உயிரோடு இருந்தால் மச்சான் என்னைக் கொன்றுவிடுவார், அய்யா இல்லையென்றால் நான் கொண்டுவந்த சேதி உண்மையாகிவிடும். எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒரு சவாரி வாய்க்கக் கூடாது. அய்யா இருக்க வேண்டும், என்னை அடித்தாலும் பரவாயில்லை என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

வாசலில் நின்ற சித்தப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி அய்யா மேல் விழுந்தாள்.

"மல இறங்கும் மேகமெல்லாம்
எம் வாசல் வந்து நின்னதய்யா,
என்னப் பெத்த அய்யா மட்டும்
வர வழியக் காணலையே..."

அவள் பின்னாலேயே மச்சானும் படியைத் தாண்டி உள்ளே வந்து கோடியை அய்யா மார்மேல் போர்த்திவிட்டார். அய்யா கண்ணைத் திறந்தார்.

"வழியெல்லாம் தெரியும் ஆத்தா" என்றார் மெதுவாக. "வரத்தான் இல்ல."

ஒப்பாரி நின்றது. மச்சான் தன் காலைக் குனிந்து பார்த்தார். அது வாசலுக்கு உள்ளே இருந்தது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் சித்தப்பாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அய்யா கோடியை விரலால் தடவினார். "துணி நல்லாருக்கு. வாங்க மாப்ளே. காளை எப்படி இருக்கு?"

மச்சான் கோடியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "செத்துப் போச்சு மாமா" என்றார். "கிழட்டு மாடுதான்."

அய்யா சிரித்தார். சத்தம் வரவில்லை, நெஞ்சு மட்டும் குலுங்கியது. அக்காவைப் பார்த்து, "ஏன் நிப்பாட்டிட்ட, மிச்சத்தையும் பாடு" என்றார். அவள் அழுதுகொண்டே பாடினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

அதற்கப்புறம் மறுநாளும் இருந்தார். அதற்கடுத்த நாள் விடியும்போது போய்விட்டார். அதே கோடியைத்தான் போட்டோம். வந்த பெண்கள் அக்காவைப் பாடச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "எல்லாத்தையும் அவுக கேட்டுட்டாக" என்று மட்டும் சொன்னாள்.

மச்சான் என்னை அடிக்கவில்லை. சைக்கிளை அவர் வீட்டுத் தொழுவத்தில் போட்டு வைத்துவிட்டார், பறந்தது போக மிச்சமிருந்த பஞ்சை மட்டும் உருவித் தலையணைக்கு அடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீடுகளில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று சேதி வந்தால் முதலில் கேட்கிற கேள்வி, "பஞ்சா, நெசமா?" என்பதுதான். என்னை எந்தச் சேதிக்கும் அனுப்புவதில்லை. கல்யாணத்துக்கு வெற்றிலைபாக்கு வைத்து அழைக்கக்கூட என்னை விடமாட்டார்கள். இந்தக் கேள்வியை அதிகம் கேட்டவள் அக்காதான். எனக்கு ஒரு தும்மல் என்றாலும் ராசிங்காபுரத்திலிருந்து, "பஞ்சா, நெசமான்னு கேட்டுட்டு வா" என்று ஆள் அனுப்புவாள்.

போன தை மாதம் அவள் மகன் சைக்கிளில் வந்து என் வாசலில் இறங்கினான். பழக்கதோசம், நான் முதலில் அவன் டயரைத்தான் பார்த்தேன். நல்ல டயர், காற்று முழுசாக இருந்தது. அவன் தலைத்துண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"பஞ்சா, நெசமாடா?" என்று கேட்டேன்.

"நெசந்தான் மாமா. அம்மாதான்" என்றான்.

சித்தப்பா மகனிடம் வண்டியைப் பூட்டச் சொன்னேன்.