அம்மனுக்கு நான் வாங்கிய தடையுத்தரவு

வழக்கில் தோற்றுத் தெருவுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேரை அட்டன் கோர்ட்டு வாசலில் பார்த்திருக்கிறேன். வழக்கில் ஜெயித்து, ஜெயித்த ஒரே காரணத்தினால் ஊர் முகத்தில் விழிக்க முடியாமல் போனவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். இன்றைக்கும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று அவனுக்குத் தலை வாரிவிடுவது நான்தான்.

அது முப்பதுகளின் நடுப்பகுதி. அப்பாவுக்கு இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக் கடைத்தெருவில் மளிகைக் கடை. எனக்கு அட்டனில் ஒரு புரொக்டரிடம், அதாவது வழக்குப் பத்திரங்கள் தயாரிக்கும் வக்கீலிடம், குமாஸ்தா வேலை. ஆடு மேய்ந்த தகராறு, கோழி காணாமல் போன தகராறு, இவற்றைத் தாண்டி அங்கே பெரிய வழக்கு எதுவும் வந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் சேர்ந்த சில மாதங்களிலேயே எனக்குச் சட்டம் தலைக்கேறிவிட்டது. வீட்டில் குழம்பில் உப்புக் கூடினால்கூட ‘எதிர்த்தரப்பின் கவனக்குறைவு’ என்றுதான் சொல்வேன். (அம்மா கரண்டியைக் காட்டியதும் அந்த வாதத்தை வாபஸ் வாங்கிக்கொள்வேன்.)

கடைத்தெருவுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் அதுவரை மரத்தடியில் மஞ்சள் பூசிய ஒரு கல்லாகத்தான் இருந்தாள். லயம் எனும் தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களும் கடைத்தெருக்காரர்களும் ஒன்றுசேர்ந்து, மதுரைப் பக்கத்தில் ஒரு சிற்பியிடம் அம்மன் சிலைக்குச் சொல்லிவிட்டார்கள். பங்குனித் திருவிழாவில் அதை வைத்துக் கும்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. இதற்கெல்லாம் தலைவர் அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி. தொழிலாளர்கள் எல்லோருக்கும் மேலே, துரைக்கு மட்டும் கீழே இருந்தவர். மீசையைப் பார்த்தால் துரைக்கும் மேலே என்று தோன்றும்.

அம்மனுக்காக எல்லோரையும்விட அதிகமாகக் காத்திருந்தவள் வீராயி என்ற கொழுந்து பறிக்கிற பெண். அவளுடைய ஒரே மகள் அம்மை வார்த்து, பிழைக்க மாட்டாள் என்று எல்லோரும் கைவிட்ட பிறகு பிழைத்தவள். புது அம்மன் முன்னால் தீச்சட்டி எடுப்பதாக வீராயி நேர்ந்திருந்தாள். கடைக்கு வரும்போதெல்லாம் சாமான் வாங்குவதற்கு முன்னால், “எங்காத்தா கப்பல் ஏறிட்டாளாங்க, சின்ன மொதலாளி?” என்று கேட்பாள்.

ஏறிவிட்டாள். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் வந்துவிட்டாள். வந்த இடத்தில் பத்திரங்கள் வந்துசேரத் தாமதமாகி, துறைமுகக் கிட்டங்கியில் பெட்டியோடு நின்றுவிட்டாள். கிட்டங்கி வாடகை கட்டி எடுத்துக்கொள்ளவும், தவறினால் பொருள் ஏலத்தில் விற்கப்படும் என்று துறைமுக அதிகாரிகளிடமிருந்து அறிவித்தல் வந்தது.

“போய்க் கேட்டதக் கட்டிட்டு அம்மனக் கூட்டிட்டு வாடா” என்றார் அப்பா. அவ்வளவுதான் வேலை. கையும் காலும் உள்ள எவனும் செய்திருப்பான்.

ஆனால் எனக்குச் சட்டம் தெரியுமே! “சாமிக்கு வாடகையா? சாமிய ஏலம் போடுவாங்களா? விடக்கூடாதுப்பா. கோர்ட்டுல தடையுத்தரவு வாங்கிருவோம்” என்றேன். கடையில் உட்கார்ந்திருந்த பெரிய கங்காணிக்குப் புல்லரித்துவிட்டது. “பாத்தீங்களா மொதலாளி, படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்” என்றார். அந்த ஒரு பாராட்டை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டேன். அதுதான் கடைசிப் பாராட்டு.

என் புரொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான மனுஷன். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, துறைமுகத்தோடை கொழுவப் போறியோ? அவையளுக்கெண்டு தனிச் சட்டம் இருக்கு. முன்கூட்டியே நோட்டீஸ் குடுத்து, ஒரு மாதம் பொறுக்காமல் வழக்கு வைக்கேலாது. பேசாமல் காசைக் கட்டிப்போட்டு சாமானை எடு” என்றார். வயதானவர், பயந்துவிட்டார் என்று நான் பரிதாபப்பட்டேன். இரண்டு நாள் லீவு வாங்கிக்கொண்டு கொழும்புக்கு ரயில் ஏறினேன்.

கொழும்பில் ஓர் இளம் வக்கீல் அகப்பட்டார். அவரும் பெரிய வழக்குக்காக ஏங்கிக் கிடந்தவர்தான். மனுவின் வாசகத்தை நானே சொல்லிக்கொடுத்தேன். துறைமுக அதிகாரிகள் அந்தப் பெட்டியை ஏலம் விடக் கூடாது என்று அவர் எழுதினார். போதாது என்றேன். ஏலம் விடாமல் வேறு விதமாக விற்றால்? ‘விற்கக் கூடாது’ என்று சேர்த்தோம். விற்காமல் எங்காவது ஒளித்து வைத்தால்? ‘நகர்த்தக் கூடாது.’ உடைத்துப் பார்த்தால்? ‘திறக்கக் கூடாது.’ அவர்களுக்கு வேண்டிய யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டால்? ‘வழக்கு முடியும்வரை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது.’ எந்தப் பக்கத்தால் வந்தாலும் அடைத்தாகிவிட்டது. நீதிபதி படித்தார். எதிர்த்தரப்பை அழைக்காமலே, கேட்டதைக் கேட்டபடி ஒரு சொல் குறையாமல் கொடுத்துவிட்டார்.

அன்று நான் நடந்த நடையைக் கொழும்பு அதற்குமுன் பார்த்திருக்காது. நேரே தபால் கந்தோருக்குப் போய் அப்பாவுக்குத் தந்தி அடித்தேன்: ‘ஜெயித்துவிட்டோம். அம்மனோடு வருகிறேன். காப்புக் கட்டலாம்.’

காப்புக் கட்டுவது பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவிழாவுக்கு முன்னால் மஞ்சள் தோய்த்த நூலை மணிக்கட்டில் கட்டுவார்கள். கட்டிவிட்டால் மீன், இறைச்சி, சாராயம் கிடையாது. தோட்டத்து எல்லையைத் தாண்டி வெளியே தங்கக் கூடாது. நல்ல காரியம் பேசக் கூடாது. அம்மன் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும். என் தந்தி வந்த அன்று மாலையே தப்படித்து, பெரிய கங்காணி தொடங்கித் தோட்டம் முழுக்கக் காப்புக் கட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் உத்தரவுப் பிரதியோடு கிட்டங்கிக்குப் போனேன். பொறுப்பில் இருந்தவர் ஒரு சிங்கள மாத்தயா (சிங்களத்தில் ‘ஐயா’ என்பதற்கு அதுதான் சொல்), மிகவும் மரியாதையானவர். நாற்காலி போட்டார். நான் உத்தரவை மேசைமேல் விரித்தேன். அவர் தன்னிடம் வந்திருந்த பிரதியை அதன் பக்கத்தில் விரித்தார்.

“சரி மாத்தயா. நாங்க விக்க மாட்டோம். நகத்த மாட்டோம். தெறக்க மாட்டோம்” என்றார்.

“நல்லது. இப்ப பெட்டியக் குடுங்க.”

அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. கடைசி வரியில் விரலை வைத்தார். “யாருக்கும் குடுக்க ஏலாதுன்னு இரிக்கி. நீங்கதானே கேட்டது?”

“அது மத்தவங்களுக்கு!”

“யாருக்கும்னா ஒங்களுக்கும்தானே மாத்தயா? குடுத்தா நான் ஜெயிலுக்குப் போகணும்.”

வாடகை எவ்வளவானாலும் கட்டுகிறேன் என்றேன். வாடகை வாங்கத் தடையில்லை, பெட்டியைக் கொடுக்கத்தான் தடை என்றார். தூரத்தில், மூட்டைகளுக்கு நடுவே, பலகைப் பெட்டிக்குள் அம்மன் இருந்தாள். அதைச் சுற்றிக் கயிறு கட்டி, தொடக் கூடாது என்று ஓர் அட்டையும் தொங்கவிட்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் என் எழுத்தை அவ்வளவு மதித்து நடந்தவர்கள் வேறு யாருமில்லை.

கோர்ட்டுக்கு ஓடினேன். அன்றைக்கே துறைமுகத்தின் வக்கீல் எங்கள் தடையை நீக்கச் சொல்லி வந்திருந்தார். சட்டப்படி ஒரு மாத நோட்டீஸ் கொடுக்கவில்லை, ஆகவே இந்த வழக்கே செல்லாது என்று அழகாக வாதாடினார். கேட்கக் கேட்க எனக்குக் கண் கலங்கியது. எங்கள் அம்மனுக்காக அன்று அந்தக் கட்டடத்தில் பேசிய ஒரே ஆள் அவர்தான்! எங்கள் வக்கீல் எழுந்தார். அவருடைய அங்கியைப் பிடித்து இழுத்தேன்.

“ஐயா, எதுக்காதீங்க. அவரு சொல்றதுக்கு ஒத்துக்குங்க.”

“சும்மா இரும். இந்த மாதிரிச் சந்தர்ப்பம் இனிக் கிடைக்காது” என்று கையைத் தட்டிவிட்டார்.

பிறகு அவர் பேசினார். அப்படிப் பேசுவார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவசரம் என்றார், பக்தர்களின் மனவேதனை என்றார், ஈடு செய்ய முடியாத நஷ்டம் என்றார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து, ‘தோத்துரணும், தோத்துரணும்’ என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் பெட்டிக்குள் இருந்தாள். திறக்கக் கூடாது என்று உத்தரவு. தடை நீடிக்கிறது என்றார் நீதிபதி. அடுத்த தவணை, கோர்ட்டு விடுமுறை முடிந்து, சித்திரைப் புத்தாண்டுக்கும் பிறகு. வக்கீல் என் கையைக் குலுக்கினார். நான் அந்தக் கையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

நடந்ததை அப்பாவுக்கு எழுதிவிட்டு, கொழும்புச் செட்டியார் தெருவில் ஓர் உறவினர் கடையில் பதுங்கினேன். திருவிழா முடிந்ததும் போனால் போதும் என்று திட்டம். ஆனால் அந்த நாள் விடிந்ததும் என்னால் இருக்க முடியவில்லை. கோயிலுக்குப் போய் எல்லோர் காலிலும் விழுந்துவிட்டால் கொஞ்சம் மனம் ஆறும் என்று ரயில் ஏறிவிட்டேன்.

கொட்டகலையில் இறங்கியபோது மாலை. தூறல். வெளியே தப்புச் சத்தம் காதைப் பிளந்தது. குடையை விரித்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலுக்கு வந்தேன்.

தோட்டம் முழுவதும் அங்கேதான் நின்றது. அம்மன் வர முடியாவிட்டால் அவள் வரவேண்டிய வழியைப் பார்த்தாவது கும்பிடுவோம் என்று, கரகமும் தீச்சட்டியுமாக ஸ்டேஷனுக்கு இறங்கி வந்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. நான் வாசலில் தோன்றிய நேரம், எல்லோரும் கையைத் தலைக்குமேல் தூக்கி, என்னை நோக்கி, “தாயே!” என்றார்கள்.

தப்பு நின்றது. கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அப்பா வேறு எங்கோ பார்த்தார்.

பெரிய கங்காணிதான் முதலில் பேசினார். “லீவு கேக்க தொரைகிட்ட போனேன் தம்பி. ‘ஒங்க சாமி ஏன் வரல்ல?’ன்னாரு. கோட்டுல தடைன்னேன். ‘யாரு போட்டது?’ன்னாரு. எங்காளுதாங்கன்னேன். தொர வாயில இருந்த சுங்கானக் கையில எடுத்துட்டு, ரொம்ப நேரம் சிரிச்சாரு.”

எல்லோருக்கும் முன்னால் வீராயி நின்றாள். ஈரச் சேலை, கையில் தீச்சட்டி, பக்கத்தில் முகத்தில் தழும்போடு அவள் மகள். வீராயி என்னைத் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவள் என் குடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“ஆத்தா பின்னால வர்றாளாங்க, சின்ன மொதலாளி?”

இல்லை என்று தலையாட்டினேன். அந்த வயதில் பொது இடத்தில் அழக் கூடாது என்று ஒரு வீம்பு இருந்தது. அது அன்று போய்விட்டது.

வீராயி சட்டியை அங்கேயே, என் காலடிக்கு முன்னால், இறக்கி வைத்தாள். ஆனால் காப்பை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை. “அவ முன்னாலதான் கட்டுனது கழறணும்” என்று பெரிய கங்காணி சொல்லிவிட்டார். ஆகவே சித்திரைப் புத்தாண்டு அந்தத் தோட்டத்தில் கருவாடு இல்லாமல், கறி இல்லாமல், ஒரு சொட்டுச் சாராயம் இல்லாமல் விடிந்தது. லயத்துப் பக்கம் போனால் ஆண்கள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. பேசி வைத்திருந்த இரண்டு கல்யாணங்கள் அப்படியே நின்றன. துரைக்கு மட்டும் பரம சந்தோஷம். அந்த மாதம் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது ஒரு திங்கட்கிழமைகூட ஆள் குறையவில்லையாம்.

கோர்ட்டுத் திறந்ததும் வக்கீலிடம் போய், “ஐயா, கும்புடுறேன், தோத்துக் குடுங்க” என்றேன். என் புரொக்டரும் அவருக்கு ஒரு வார்த்தை எழுதியிருந்தார். அரைமனதாக வழக்கை வாபஸ் வாங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை. துறைமுகம் கேட்ட வாடகையை, இப்போது இரண்டு மடங்காக, அப்பா கட்டினார். அம்மன் சரக்கு ரயிலில் கொட்டகலைக்கு வந்து, மாட்டு வண்டியில் மலையேறினாள். பெரிய கங்காணி பெட்டியைத் திறந்தார். காப்புகள் கழன்றன. வீராயி மறுபடியும் தீச்சட்டி எடுத்தாள்.

“நேர்த்திக்கடன் அன்னைக்கே முடிஞ்சதே, வீராயி?” என்று கேட்டேன்.

“அது ஒங்க முன்னாலதானே எறக்குனேன்” என்றாள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. பெரிய கங்காணி காலமாகி, அவர் மகன் தலைவராகியும் மாறவில்லை. ஒவ்வொரு பங்குனியும் காப்புக் கட்டுவதற்கு முன்னால், பூசாரி நூலைக் கையில் எடுத்துக்கொண்டு, “கோட்டுல வழக்கு எதுவும் இல்லியே?” என்று உரக்கக் கேட்பார். கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்க்கும். நான் எழுந்து நின்று, “இல்லீங்க” என்று சொல்ல வேண்டும். பிறகுதான் தப்புச் சத்தம். எனக்குக் கல்யாணமான வருஷம், மாலையும் கழுத்துமாகச் சொன்னேன். என் மனைவி இதற்குத்தான் அந்த ஊருக்கே வாழ்க்கைப்பட்டவள் போல ஆண்டு தவறாமல் முன்வரிசையில் இடம் பிடிக்கிறாள்.

போன பங்குனியில் எனக்குக் கடுமையான காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. இந்த வருஷம் தப்பித்தோம் என்று இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. வீராயியின் மகள். இப்போது அவளுக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மலையிலிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்திருந்தாள்.

“பூசாரி நூலக் கையில வச்சிட்டே நிக்கிறாருங்க மொதலாளி. நீங்க சொல்லாம கட்ட மாட்டேங்கறாரு. சீக்கிரம் சொல்லுங்க, அம்மன் காத்துக்கிட்டு இருக்கா.”