அப்பா லைப்ரரி

தமிழ்க் கதைகளில் காணாமல் போன அப்பாக்கள் அத்தனை பேருடைய இருப்பிடமும் தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் ராயபுரத்தில் விறகு பிளந்து விற்கும் ஒரு தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வாடகைக்குப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தார். மிகையாகச் சொல்கிறேன் என்று நினைத்தால், நீங்கள் அவரிடம் புத்தகம் எடுத்ததில்லை என்று அர்த்தம்.

யுத்தம் முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் குமாஸ்தா. ஊர் திருநெல்வேலிப் பக்கம். ராயபுரத்தில் எனக்கு நாதி கிடையாது. ஆறு நாளை ஆபீஸ் தின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாமல்தான் அவர் கடையில் போய் விழுந்தேன்.

கடை என்றால் ஐந்து கள்ளிப்பெட்டிகள். மற்ற லைப்ரரிகளில் எழுதியவர் பெயரைப் பார்த்து அடுக்குவார்கள். இவருக்கு எழுதியவர்கள் மேல் துளியும் மரியாதை கிடையாது. "கதையில ஒரு தகப்பன வச்சிக் காப்பாத்தத் தெரியாதவனுங்க" என்பார். அப்பா என்ன ஆனார் என்பதை வைத்துத்தான் அவர் புத்தகம் பிரிப்பார். பெட்டிகள் மேல் சாக்பீஸால் எழுதியிருக்கும்: செத்தவர், காசிக்குப் போனவர், கப்பல் ஏறியவர், ஜெயிலில் இருப்பவர். ஐந்தாவது பெட்டி, சாய்வு நாற்காலி. அதில் உள்ள கதைகளில் அப்பா வீட்டிலேயேதான் இருப்பார்; ஆனால் முந்நூறு பக்கத்தில் இரண்டு தடவை கனைப்பார், ஒரு தடவை பேப்பரை மடிப்பார். அவ்வளவுதான்.

பேட்டையே இதற்குப் பழகிவிட்டது. பிரசவம் பார்க்கும் அம்மாள் ஒருத்தி வருவாள். "செத்தவர் வாணாம்பா, நேத்துதான் அழுது முடிச்சேன். ஒரு ஜெயில் குடு" என்று கேட்டு வாங்கிப் போவாள்.

திருப்பிக் கொடுக்கப் போகும்போதுதான் வினை. புத்தகத்தைக் கையில் வாங்க மாட்டார். "அப்பன்காரன் எங்க பூட்டான்?" என்பார். சரியாகச் சொன்னால்தான் அடுத்த புத்தகம். நானூறு பக்க நாவல் ஒன்றை நடுவில் தாண்டிக் குதித்துப் படித்துவிட்டுப் போய், மூன்று வாரம் அவரிடம் லோல் பட்டிருக்கிறேன். ஒரு தடவை போலீஸ்காரர் ஒருவரிடம் இதே கேள்வியைக் கேட்டார்.

"ஊர்ல மாடு மேய்ச்சிக்கிட்டு இருக்காரு" என்றார் போலீஸ்காரர்.

"உன் அப்பன யாருய்யா கேட்டா? கதையில வர்றவன் எங்க?"

போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மறுபடி படித்துவிட்டு வருவதாகப் புத்தகத்தோடு திரும்பிப் போனார்.

பத்திரிகைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு வாரப் பத்திரிகைக்கு அவர் போட்ட கார்டை நானே தபாலில் சேர்த்தேன். 'ஐயா, தங்கள் தொடர்கதையில் கதாநாயகியின் தகப்பனார் எட்டாவது வாரம் காசிக்கு ரயிலேறினார். இது முப்பத்தோராவது வாரம். ரயில் எங்கே நிற்கிறது? அவர் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்?' கார்டு போய்ச் சேர்ந்ததோ என்னவோ, அடுத்த மாதமே காசியிலிருந்து தந்தி வந்து அந்த அப்பா கதையில் செத்துப்போனார். இவர் விறகுத் தொட்டிக் குழாயில் தலை முழுகிவிட்டு வந்து, அன்று முழுக்கக் கடை திறக்கவில்லை. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அப்போது எனக்கு விஷயம் தெரியாது.

விஷயம் இதுதான். இவரே கப்பல் ஏறியவர். மனைவியையும் ஐந்து வயதுப் பையனையும் கொருக்குப்பேட்டையில் விட்டுவிட்டு ரங்கூனுக்குப் போனவர். போன இடத்தில் வேலை போயிற்று.

"வெறுங்கையோட எப்படி வர்றதுன்னு வெக்கமா பூட்ச்சி நைனா. அடுத்த வர்சம், அடுத்த வர்சம்னு சொல்லிகினே இருந்துட்டேன்" என்றார் என்னிடம். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகுதான், ரங்கூன் தமிழர்கள் எல்லாரும் காட்டு வழியே இந்தியாவுக்கு நடந்தபோது இவரும் நடந்து வந்தார். மனைவி போய்ச் சேர்ந்திருந்தாள். பதினாறு வயதுப் பையன் ரயில்வே கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். "வாசப்படி ஏறாதே" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டான்.

"இத்தினி புக்கு வச்சிகினு கீறேன். எம் புள்ளைக்கு எய்த்து தெரியாது. நான் இருந்திருந்தா இஸ்கூலுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார். ராயபுரம் முழுக்க அவரை 'அப்பா லைப்ரரி' என்றுதான் கூப்பிட்டது. கூப்பிட வேண்டியவன் மட்டும் கூப்பிடவில்லை.

ஆனால் மருமகள் வந்தாள். புருஷனுக்குத் தெரியாமல் ஞாயிறுதோறும் வந்து புத்தகம் எடுத்துப் போவாள். அவளிடம் மட்டும் இரண்டு கேள்வி கேட்பார். அப்பன்காரன் எங்கே என்பது முதல் கேள்வி. "அவன் வேளைக்குச் சாப்புட்றானா?" என்பது இரண்டாவது. கடைசியாக நிறைமாதத்தோடு மூச்சு வாங்க வந்து, சிவப்பு அட்டை போட்ட ஒரு 'கப்பல் ஏறியவர்' எடுத்துப் போனாள். அதோடு வரவில்லை.

ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். மனிதர் துரும்பாகிவிட்டார். ஜெயில் கேட்டால் காசியை எடுத்துக் கொடுத்தார்.

"போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாருங்களேன், பெரியவரே" என்றேன்.

"எந்த மூஞ்சிய வச்சிகினு போவேன்? நான் போய் நின்னு, அந்தப் பொண்ணுக்கு அவன் கையால அடி வாங்கி வைக்கறதா?"

நாலாவது ஞாயிறு சாயங்காலம் நான் புத்தகத்தோடு நிற்கிறேன். எனக்கு முன்னால் காக்கி நிஜார் போட்ட ஓர் ஆள், கழுத்தெல்லாம் கரித்தூள். துண்டில் சுற்றியிருந்த புத்தகத்தை எடுத்து நீட்டினான். யாருக்கும் முக்காலியை விட்டு எழுந்திருக்காத மனிதர் எழுந்து நின்றார். கேள்வியே கேட்காமல் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சிவப்பு அட்டையைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். "இவருக்கு மட்டும் என்ன சலுகை? கதையில் அப்பா எங்கே போனார் என்று கேட்க மாட்டீர்களா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், பெரியவர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். அந்த நிமிஷம் என் நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம்.

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துத்தான் பேசினான்.

"அதான் தெரியல. பாதி கதையில அவளுக்கு வலி வந்துட்ச்சி. புள்ள பெத்தவ படிச்சா கண்ணு பூடும்னு அவ அம்மா புக்கப் புடுங்கி வச்சிட்டாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. அந்த அப்பன்காரன் திரும்பி வந்தானா இல்லியான்னு தெனிக்கும் உசுர வாங்கறா."

"இன்னா கொயந்த?" என்றார் பெரியவர்.

"பொண்ணு."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"நீ வந்து மிச்சத்தப் படிச்சிச் சொல்லிட்டுப் போ. அவளுக்குத்தான். எனக்கொண்ணும் இல்ல."

இரண்டு அடி போனவன், முகத்தைத் திருப்பாமலே சொன்னான்: "ஞாயித்துக்கெழம வா. எனக்கு டூட்டி கெடையாது. நானும் இருப்பேன்."

அடுத்த ஞாயிறு லைப்ரரி திறக்கவில்லை. பெட்டிகளின் மேல் தார்ப்பாய் கட்டியிருந்தது. பிரசவ அம்மாள் திட்டிக்கொண்டே போனாள். போலீஸ்காரர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் கடற்கரைப் பக்கம் போய்க் கல்லில் உட்கார்ந்து, படிக்க ஒன்றும் இல்லாமல், பேச ஓர் ஆள் இல்லாமல், இருட்டும் வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராயபுரத்தில் நான் கழித்த ஞாயிறுகளில் அவ்வளவு நீளமானது வேறு கிடையாது. இன்னும் பத்து ஞாயிறு இப்படியே போனாலும் போகட்டும், அந்த மனிதர் கதையை மெதுவாகப் படிக்கட்டும் என்று இருந்தது எனக்கு.