ஐந்தாம் கட்டத்தில் அத்தான்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம், என்னைத் தவிர. அங்கே நீயும் பிள்ளைகளும் நலமாகவே இருப்பீர்கள். அத்தானின் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் மணி அடித்ததும் அவர்தான் எடுக்கிறார், எடுத்ததும் "யாரு, பத்திரிகையா?" என்று கேட்கிறார்.

எங்கள் நாளிதழில் 'இன்று பிறந்தவர்கள்' என்று ஐந்து கட்டங்கள் வருமே, பத்தொன்பது வருடமாக அதை நிரப்புவது நான்தான். ஒரே தேதியில் பிறந்த ஐந்து பிரபலங்கள் வேண்டும். நான்கு போட்டால் ஆகாது, ஆறு போட இடமில்லை. சென்ற செவ்வாய்க்கிழமைத் தேதிக்கு ஒரு கணித மேதை, ஒரு தளபதி, ஒரு வயலின் கலைஞர், நட்சத்திரங்களை எண்ணிய ஒரு பெண்மணி என்று நான்கு பேர் கிடைத்தார்கள். ஐந்தாவது ஆள் எந்தப் புத்தகத்திலும் பிறக்கவில்லை. பக்கம் வடிவமைப்பவரோ பின்னால் நின்றுகொண்டு, "சார், காலியா விட்டா பல்லு போன மாதிரி இருக்கும், யாரையாவது போடுங்க" என்று உயிரை எடுத்தார். அத்தானுக்கும் அதே தேதிதான் பிறந்த நாள் என்பது அப்போது பார்த்து என் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. நான் பொய் எதுவும் எழுதவில்லை, அக்கா. முப்பத்தோரு வருடம் உங்கள் ஊர்க் குடிநீர் நிலையத்தில் வால்வு திறந்தவரை 'ஒரு நகரத்தின் தாகம் தீர்த்தவர்' என்று எழுதினேன். கட்டத்தில் தோற்றம், மறைவு என்று இரண்டு வரிகள் உண்டு. மறைவு காலியாக இருந்தால் கணினி பக்கத்தை ஏற்றுக்கொள்ளாது. அவர் ஓய்வு பெற்ற வருடத்தைப் போட்டேன்.

பத்தொன்பது வருடத்தில் அந்தப் பகுதியை யாரும் படித்ததாக எனக்குத் தகவல் இல்லை. அன்றைக்கு மட்டும் ஊரே படித்திருக்கிறது. பக்கத்து வீட்டு டீச்சர் துக்கம் விசாரிக்க வந்ததும், அத்தானே கதவைத் திறந்து அவரை உட்காரவைத்து டீ கொடுத்து ஆறுதல் சொல்லி அனுப்பியதும் உனக்கே தெரியும். செத்துப்போனதில் அவருக்கு வருத்தமே இல்லை. "வயலின் வாசிக்கிற ஆளுக்குக் கீழ என்னைப் போட்டிருக்கியே, அவர் ஒரு நாள் வாசிக்கலேன்னா என்ன ஆகும்? நான் ஒரு நாள் திறக்கலேன்னா ஊரே நாறிடும்" என்று என்னோடு முக்கால் மணி நேரம் சண்டை. சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று நீ சொன்னால், பிரபலங்கள் ஸ்பேனர் தூக்குவதில்லை என்கிறாராமே.

அதோடு விட்டதா? இப்படி ஒரு பெருமகன் தன் ஊரில் வாழ்ந்து மறைந்தது தெரியாமல் போயிற்றே என்று உங்கள் ஊர் நூலகர் வெட்கப்பட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறார். தலைமை எங்கள் ஆசிரியர். அவர் என்னைக் கூப்பிட்டு, "நல்ல ஆளாப் பிடிச்சுப் போட்டீங்க. நம்ம பேப்பர்ல தப்பா ஒரு வரி வராது, அதான் நம்ம பேரு. போன மாசம் தேதியை மாத்திப் போட்டவரை வீட்டுக்கு அனுப்பினேனே, ஞாபகம் இருக்கில்ல?" என்றார். இருக்கிறது. அத்தான் அந்தக் கூட்டத்துக்குப் போகச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டாராம். அவர் உயிரோடு மேடையேறினால் என் வேலை அங்கேயே முடிந்துவிடும். எனக்கு ஐம்பத்து மூன்று வயது, யார் எப்போது பிறந்தார்கள் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. பயமாக இருக்கிறது, அக்கா. உன் காலில் விழுந்து கேட்கிறேன், அந்த ஒரு நாள் அவரை வெளியே விடாதே. உனக்குக் காய்ச்சல் என்று படுத்துக்கொள். இல்லாவிட்டால் சட்டையை ஒளித்து வை.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அத்தான் நூறாண்டு வாழட்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குள் வாழட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன். கூட்டமே முடிந்துவிட்டது. நீ வராததால் நடந்ததை எழுதுகிறேன். மறைந்தவர் நினைவாக மேடையில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார்கள். அத்தான் நேராகப் போய் அதில் உட்கார்ந்தார். நூலகர் ஓடிவந்து, "பெரியவரே, அது மறைந்தவர் நாற்காலி, எழுந்திருங்க" என்றார். "அது நான்தான்யா" என்றார் அத்தான். கூட்டம் சிரித்தது. ஆசிரியர் மட்டும் சிரிக்காமல், "எங்க பேப்பர்ல தப்பா வராதே. நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். வாயைத் திறந்த அத்தான் என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. "அவருக்குத் தம்பி" என்றார். பிறகு தன் அண்ணனைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். ஒரே ஒரு நாள் அண்ணன் அசந்து தூங்கிவிட்டதால் ஊரே நண்பகலில் பல் தேய்த்ததையும், அதற்காக அவர் தெருத் தெருவாகப் போய் மன்னிப்புக் கேட்டதையும் சொன்னார். இதெல்லாம் எனக்குத் தெரியாது, அக்கா. தெரிந்திருந்தால் முதல் கட்டத்திலேயே போட்டிருப்பேன். ஆசிரியர் அழுதார், நானும் அழுதேன். வெளியே வந்ததும் அத்தான் என் தோளில் கை போட்டு, "உன் வேலை போயிட்டா உங்க அக்கா முகத்துல நான் எப்படி முழிக்கிறது? விடு. ஆனா அடுத்த வருஷம் தம்பியையும் சேர்த்துப் போட்டுடு. ரெட்டைப் பிள்ளைங்க, ஒரே தேதி. அவனையாவது உயிரோட விட்டு வை" என்றார்.